காபி குடிக்காத மத்தியஸ்தர்

சர்வதேச வாணிபச் சட்டத்தின் வளர்ச்சியில் காரைக்காலின் பங்கு என்ன என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. இனிமேலும் கேட்கப்போவதில்லை. கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு கல்யாணம் இருக்கிறது. இந்த வயதில், கேட்டபின் சொல்வதைவிடக் கேட்காமல் சொல்வதுதான் சுலபமாக வருகிறது. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் பிற்பாதியில் நான் ஓர் இறால் ஏற்றுமதிக்காரரிடம் கடிதக் குமாஸ்தாவாக இருந்தேன். காரைக்கால் கோவில்பத்தில் வீடு, சைக்கிளில் வேலைக்குப் போய்வருவேன். சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கி மடித்து எடுத்துக்கொண்டு போனபோது மொழியை மட்டும் என் தலையில் மறந்துவிட்டுப் போய்விட்டான். பிறகு இங்கிலீஷ் படித்தேன். சட்டம் படிக்கவென்று சென்னைக்குப் போய், அங்கே மெஸ் சாப்பாடும் ரோமானியச் சட்டமும் ஒருசேர ஒத்துக்கொள்ளாமல் முதல் வருஷத்தோடு திரும்பி வந்தேன். ஆக மூன்று துறையில் அரைகுறை. எங்கள் ஊரில் அதற்கு நல்ல மரியாதை. "தம்பி படிச்சவரு" என்று சொல்லி, யாரும் படிக்க விரும்பாத காகிதங்களையெல்லாம் என் மேஜையில் வைத்துவிடுவார்கள்.

முதலாளி கத்தோலிக்கர். காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் ஏலத்தில் எடுத்த இறாலைத் திருமலைராயன்பட்டினத்துக் கொட்டகையில் தலை கிள்ளிச் சுத்தம் செய்து, ஐஸில் போட்டு, சென்னைக்கு லாரி ஏற்றுவார். அங்கே வாடகைக்கு ஒரு குளிர்சாதனக் கூடம். உறைய வைத்துப் பெட்டி கட்டிக் கப்பலில் ஏற்றினால், பிரான்ஸில் மார்சே துறைமுகத்தில் ஒரு கம்பெனி இறக்கிக்கொள்ளும். அந்தக் கம்பெனிக்குக் காரைக்காலில் ஓர் ஏஜென்ட். அவரும் உள்ளூர்க்காரர்தான், முதலாளி போகிற அதே கோயிலுக்குப் போகிறவர், அதே கடையில் டீ குடிக்கிறவர்.

முதலாளிக்கு ஒரே மகள். கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்தப் பெண்ணை மார்சேயில் இருந்த ஒரு சொல்தாவின் மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். இவரும் காரைக்கால்காரர்தான், முதலாளிக்குப் பள்ளிக்கூடத் தோழர். பட்டாளத்திலிருந்து வந்தபின் மார்சே துறைமுகத்தில் சரக்குக் கிடங்கு மேற்பார்வை பார்த்தார். பையனுக்கு அங்கே தபாலாபீஸில் வேலை. பெண்ணும் பையனும் ஒரு கோடை விடுமுறையில் பார்த்துப் பேசி, பிடித்துப்போய்விட்டது. இன்னும் நிச்சயதார்த்தம் ஆகவில்லை. ஆனால் முதலாளி அவரைப் பற்றிப் பேசும்போது "சம்பந்தி" என்றுதான் சொல்வார். நானும் அப்படியே சொல்கிறேன்.

எல்லாம் இப்படி நன்றாக இருந்தபோதுதான், மார்சேயில் இறங்கிய எங்கள் சரக்கு ஒன்று நாறுவதாகத் தந்தி வந்தது.

முதலாளி தந்தியை நான் மொழிபெயர்த்துச் சொன்னபின்னும் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்குப் பிரெஞ்சு படிக்க வராது. இருந்தாலும் அந்த வார்த்தை எது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"அழுகல்னு போட்டிருக்கானா?"

"கெட்டுப்போன நிலையில்னு போட்டிருக்காங்க."

"அதுக்கு அதுதானே அர்த்தம்? பணம் போனா போவுது தம்பி. நாளைக்குக் கோயில்ல எவனாவது எம் பக்கத்துல வந்து ஒக்காருவானா?"

யாரும் உட்காரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் அன்றிலிருந்து தன் சட்டையை அவ்வப்போது முகர்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

இதில் சட்டம் என்னவென்றால், சரக்கு கப்பலின் பக்கச்சுவரைத் தாண்டுகிறவரை விற்றவன் பொறுப்பு. தாண்டிவிட்டால் வாங்கியவன் பொறுப்பு. இறால் சுவரைத் தாண்டுவதற்கு முன்னால் கெட்டதா, தாண்டிய பின்னால் கெட்டதா என்பது கேள்வி. இறாலைத்தான் கேட்க வேண்டும். அதை விட்டுவிட்டு நாங்கள் ஒப்பந்தத்தைப் புரட்டினோம். அதன் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சில், எந்தத் தகராறும் பாரீஸில் மூன்று மத்தியஸ்தர்கள் முன்னால் தீர்க்கப்பட வேண்டும் என்று இருந்தது. கையெழுத்துப் போடும்போதே நான் அதைப் படித்துச் சொல்லியிருந்தேன். "சண்டை போடவா தம்பி யாவாரம் பண்றோம்?" என்று கேட்டுவிட்டுப் போட்டிருந்தார். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்று பின்னால் புத்தகங்களில் படித்தேன். மனசுக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது.

முதலாளிக்கு மத்தியஸ்தம் என்றால் காரைக்கால்மேடுதான். அங்கே ஏலம் முடிந்து கூடை கைமாறியபின் ஏதாவது சண்டை வந்தால், அங்கேயே மணலில், வலை காயப் போட்டிருக்கும் இடத்துக்கு நடுவே பஞ்சாயத்துக் கூடும். இந்தப் பக்கம் பேச ஓர் ஆள், அந்தப் பக்கம் பேச ஓர் ஆள். இரண்டு பேரும் தொண்டை கட்டுகிறவரை கத்துவார்கள். பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து முடிவைச் சொல்வார். ஐஸ் உருகுவதற்குள் முடிந்துவிடும். முடியாவிட்டால் எதைப் பற்றிச் சண்டையோ அதுவே இல்லாமல் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"மூணு பேருங்க," என்றேன் நான். "நாம ஒருத்தரைப் போடணும். அவங்க ஒருத்தரைப் போடுவாங்க. அந்த ரெண்டு பேரும் சேந்து மூணாவது ஆளைப் போடுவாங்க."

"பஞ்சாயத்துதானே. சரி."

"பஞ்சாயத்து மாதிரிதாங்க. ஆனா நாம போடுற ஆளு நமக்காகப் பேசக் கூடாது."

"அப்ப எதுக்கு நாம போடணும்?"

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அந்தத் துறையில் தலை நரைத்த பேராசிரியர்களும் இதே கேள்வியைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் என்னைப் போலவே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

முதலாளி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சம்பந்தியப் போடுங்க. அங்கேயே இருக்காரு. பாஷை தெரியும். கிடங்குல எத்தன மீனை மோந்து பாத்திருப்பாரு."

"உறவுக்காரரா இருக்கக் கூடாதுங்க. எந்தத் தரப்போடயும் எனக்கு உறவு இல்லன்னு அவரு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"உறவு எங்க இருக்கு? வெத்தல பாக்கு மாத்தலியே. பேசித்தானே வச்சிருக்கோம். இன்னிக்குத் தேதிக்கு அவரு மூணாம் மனுஷன்."

"நாளைக்கு?"

"நாளைக்குள்ள முடிஞ்சிடும் தம்பி. எழுதுங்க."

எழுதினேன். தகுதியில் குறை சொல்ல முடியாது. மீன் சரக்கைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி, எதிர்த்தரப்பு மத்தியஸ்தராகப் போட்ட வக்கீலுக்குத் தெரிந்திருக்காது. அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அன்றைக்கு அது உண்மைதான்.

ஆனால் எங்கள் சம்பந்தி பட்டாளத்துக்காரர். கையெழுத்துப் போட்ட வாக்கியத்தை அந்த நாளிலிருந்து உண்மையாகவே வைத்திருப்பது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டார். உறவு இல்லை என்று எழுதியாயிற்று. ஆகவே தீர்ப்பு வரும்வரை உறவு இருக்கக் கூடாது.

முதல் அடையாளம் கிறிஸ்துமஸில் தெரிந்தது. வருஷா வருஷம் அவரிடமிருந்து சாக்லேட்டும் ஓதெகோலோன் வாசனைத் தண்ணீரும் வாழ்த்து அட்டையும் வரும். அந்த வருஷம் டைப் அடித்த ஒரு கடிதம் வந்தது, 'மதிப்பிற்குரிய தரப்பினருக்கு' என்று ஆரம்பித்து. நகல் எதிர்த்தரப்புக்கு. கீழே முழுப் பெயர், பட்டாளத்தில் வகித்த பதவி, கையெழுத்து. முதலாளி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் எழுதலியா?"

"வெப்பமானிக் குறிப்பு கேட்டிருக்காரு. லாரியில போனப்போ எவ்வளவு குளிர் இருந்திச்சுன்னு."

"பொண்ணப் பத்தி?"

"இல்லைங்க."

இரண்டாவது அடையாளத்தை ஊரே பார்த்தது. ஆகஸ்ட் மாதம் பிரான்ஸில் சட்டம் உட்பட எல்லோரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். சம்பந்தி தன் சொந்தக் கடற்கரைக்கு, அதாவது காரைக்காலுக்கு, வந்தார். முதலாளி வெற்றிலை, பழம், மல்லிகைப்பூ சகிதம் அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். சம்பந்தி வாசலிலேயே நின்றார். அந்த வெயிலில் கோட்டுப் போட்டிருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. கேஸு நடந்துகிட்டிருக்கு. ஒரு தரப்பு மட்டும் தனியா என்னை வந்து பாக்கக் கூடாது. எதிர்த்தரப்பும் கூட இருக்கணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னது சரி. அந்த நிமிஷத்தில் சரியாக இருப்பதைப் போல அலுப்பூட்டுகிற விஷயம் வேறு எதுவும் இல்லை.

முதலாளி விடுகிற ஆள் இல்லை. நேராக டீக்கடைக்குப் போய், எதிர்க் கம்பெனியின் ஏஜென்டைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். "வாய்யா, நீ இல்லாம எஞ் சம்பந்தியப் பாக்கக் கூடாதாம்." ஏஜென்ட் நல்ல மனுஷர். செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு தரப்பும் ஆஜரானதால் சம்பந்திக்கு மறுக்கக் காரணம் இல்லாமல் போய், முதலாளி வீட்டுக்கு வரச் சம்மதித்தார்.

கூடத்தில் நான்கு நாற்காலி. மத்தியஸ்தர், ஒரு தரப்பு, மறு தரப்பு, மொழிபெயர்ப்பாளன். எல்லோருக்கும் தமிழ் தெரியும் என்பதால் என் வேலை சும்மா உட்கார்ந்திருப்பது. வெயிலைப் பற்றிப் பேசினோம். அரசலாற்றில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினோம். பெண் காபி கொண்டுவந்தாள். சம்பந்தி மின்விசிறியைப் பார்த்தார்.

"எடுத்துக்குங்க மாமா," என்றாள்.

"வேண்டாம்மா. ஒரு தரப்பு வீட்டுல நான் ஒண்ணும் சாப்பிடக் கூடாது."

"தண்ணி?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அதுவும் வேண்டாம்."

எதிர்த்தரப்பு இரண்டு டம்ளர் காபி குடித்தது. முறுக்கும் தின்றது. மத்தியஸ்தர் வாய் நனைக்காமல் எழுந்து, இரண்டு தரப்புக்கும் தனித்தனியாகக் கைகொடுத்துவிட்டு, எதிர்ச்சாரியில் இருந்த பெட்டிக்கடையில் கோலி சோடா வாங்கிக் குடித்ததை ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தோம்.

முதலாளி வீட்டில் சம்பந்தி கை நனைக்கவில்லை என்பது மறுநாளே திருமலைராயன்பட்டினம் வரை தெரிந்துவிட்டது. சட்டத்தில் இதற்குப் பெயர் நடுநிலை. ஊரில் இதற்குப் பெயர் கல்யாணம் நின்றுபோச்சு. பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் அந்தப் பெண்ணிடம் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். தூரத்து உறவுக்காரர் ஒருவர் நாகப்பட்டினத்து மாப்பிள்ளை ஒருவரின் போட்டோவை எடுத்துக்கொண்டு வந்தார். முதலாளியின் மனைவி அந்தப் போட்டோவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பீரோவுக்குள் வைத்தார்கள்.

அந்த வருஷங்களில் உலகம் சும்மா இருக்கவில்லை. வியன்னாவில் நாடுகள் எல்லாம் கூடி, எல்லைக்கு அப்பால் விற்கிற சரக்குக்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு சட்டம் எழுதினார்கள். பத்திரிகையில் படித்துவிட்டு முதலாளியிடம் சொன்னேன்.

"நாம சேந்திருக்கமா?"

"இல்லைங்க."

"பிரான்ஸு?"

"சேரும்னு சொல்றாங்க."

"நல்லது. சேரட்டும்."

வெளிநாட்டுக்காரன் ஒரு நாட்டில் முதல் போட்டு, அந்த அரசாங்கத்தோடு தகராறு வந்தால் வழக்கை வாஷிங்டனில் கொண்டுபோய் நடத்துவதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது, அதிலும் நாம் சேரவில்லை என்று சொன்னேன். "அரசாங்கத்தையே அங்க வரச் சொல்லுவானா?" என்று கேட்டார். சொல்லுவான் என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

எங்கள் வழக்கில் மூன்றாவது மத்தியஸ்தர் ஒரு சுவிஸ்காரர். கெட்டிக்காரர். அதுதான் கஷ்டம். இறாலுக்குப் போவதற்கு முன்னால், விற்றவர் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று தெரிந்தாக வேண்டும் என்றார். காரைக்கால் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பாண்டிச்சேரியில் என்று எழுதினேன். வரைபடத்தில் பார்த்துவிட்டு, பாண்டிச்சேரியில் இல்லையே, நடுவில் வேறொரு மாநிலம் இருக்கிறதே என்று எழுதினார். பாண்டிச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் பாண்டிச்சேரியில் இல்லை, கடலை விட்டால் சுற்றிலும் தமிழ்நாடு, மேல்முறையீடு சென்னையில், முன்பு பிரெஞ்சுச் சட்டம், இப்போது இந்தியச் சட்டம், சிலருக்கு மட்டும் சில விஷயங்களில் இன்னமும் பிரெஞ்சுச் சட்டம் என்று விளக்கி நான் எழுதிய கடிதம் எனக்கே புரியவில்லை. பிறந்ததிலிருந்து குடியிருக்கிற ஊர் இவ்வளவு சிக்கலானது என்று அதுவரை எனக்குத் தெரியாது. கடிதம் கிடைத்த கொஞ்ச நாளில் சுவிஸ்காரர் உடல்நிலை காரணமாக விலகிக்கொண்டார். என் கடிதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றுதான் நம்புகிறேன்.

அப்போதுதான் பெண் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக ஆபீஸுக்கு வந்தாள். முதலாளி கொட்டகைக்குப் போயிருந்தார். குடையை மடக்கி மேஜை ஓரத்தில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, கேஸு எப்ப முடியும்?"

"மூணாவது ஆளு மாறியிருக்காரும்மா. புது ஆளு எல்லாத்தையும் மொதல்லேருந்து படிக்கணும்."

"படிச்சிட்டு?"

"எந்தச் சட்டம்னு முடிவு பண்ணணும்."

"அதுக்கப்புறம்தான் இறாலா?"

"அதுக்கப்புறம்தான் இறால்."

"அந்த இறாலு இப்ப எங்கண்ணே இருக்கு?"

"எங்கயாவது கடல்ல கொட்டியிருப்பாங்க."

"அது ஊரு போய்ச் சேந்துருச்சு. நான்தான் இங்க ஒக்காந்திருக்கேன்."

நான் பேப்பர்வெயிட்டை உருட்டினேன். கணக்கு டீச்சரிடம் சமாதானம் சொல்வது எனக்கு எப்போதுமே வராது.

"மாமாவே வெலகிக்க முடியாதா?"

"முடியும். கேட்டுப் பாத்தாச்சு. எடுத்த வேலைய நடுவுல விடுறது பட்டாளத்தை விட்டு ஓடுறதுக்குச் சமம்னு எழுதியிருக்காரு. எதிர்த்தரப்புக்கு நகல் போட்டு."

"வேற யாராவது வெலக்கலாமா?"

இப்படி ஒரு கேள்விக்காக நான் எத்தனையோ வருஷம் காத்திருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மத்தியஸ்தருக்கும் ஒரு தரப்புக்கும் உறவு உண்டு என்று தெரியவந்தால் மற்ற தரப்பு ஆட்சேபிக்கலாம். தெரிந்தவுடனே ஆட்சேபிக்க வேண்டும். தெரிந்தும் சும்மா இருந்தால், பிற்பாடு தோற்றபின் அதைக் கிளப்ப முடியாது. கம்பெனிக்கே தெரிய வேண்டும் என்பதில்லை, அதன் ஏஜென்டுக்குத் தெரிந்தாலும் தெரிந்த மாதிரிதான் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

"ஏஜென்டுக்குத்தான் முன்னாடியே தெரியுமே அண்ணே. ஊருக்கே தெரியும்."

"அது பேச்சும்மா. ஊர்ல ஆயிரம் பேச்சு இருக்கும். பேச்சைத் தந்தி அடிக்க முடியுமா? போதாததுக்கு, காபி குடிக்காம போனதுலேருந்து கல்யாணம் நின்னுபோச்சுன்னு அவரே நெனைக்கிறாரு. முறையா அறிவிச்சிருந்தா வேற விஷயம்."

"முறையா அறிவிச்சா?"

"அப்ப அவருக்கு வேற வழியில்ல."

"சரிண்ணே," என்று குடையை எடுத்துக்கொண்டு போனாள். நல்ல மாணவி கிடைத்த திருப்தியில் நான் இன்னொரு டீ வரவழைத்துக் குடித்தேன். அவ்வளவுதான் எனக்கு விளங்கியது.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. நாங்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஜாதகத்தைப் பார்ப்போம். கத்தோலிக்கர்கள் ஊரைப் பார்த்துக் கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்று பெயர். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசிப்பார்கள். அடுத்தடுத்து மூன்று ஞாயிறு. மூன்று ஓலையும் தடையில்லாமல் போனால்தான் தாலி.

பையன் இத்தனை நாளும் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவனுக்கு வேண்டிய கோயில் காகிதங்கள் மார்சேயிலிருந்து வந்தன. நாகப்பட்டினத்துப் போட்டோவைக் கொண்டுவந்த உறவுக்காரரிடமே திருப்பி அனுப்பிவிட்டு, தாயும் மகளும் பங்குச் சாமியாரைப் பார்த்து ஓலை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். முதலாளிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தீர்ப்பு வரட்டும் என்றிருப்பார்.

அந்த ஞாயிறு நான் அங்கே இல்லை. ஏஜென்ட் சொல்லித்தான் தெரியும். சாமியார் முதல் ஓலையில் பெண்ணின் பெயரையும் அப்பா பெயரையும் வாசித்ததும் முதலாளி நிமிர்ந்தாராம். மாப்பிள்ளையின் அப்பா பெயரை வாசித்ததும் பாதி எழுந்துவிட்டாராம். எழுந்து நின்றால் தன் மகள் கல்யாணத்துக்குத் தானே தடை சொல்வதாக ஆகிவிடும் என்று நினைவு வந்து, அப்படியே உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவரிடம் மணி என்ன என்று கேட்டாராம். மனைவி ஜெபமாலையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லையாம்.

திங்கட்கிழமை காலையில் ஏஜென்ட் ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"கோவிச்சுக்காதய்யா," என்றார் முதலாளியிடம். "நான் நேத்து காதுல வாங்கலன்னு சொல்ல முடியுமா? ரெண்டாவது பெஞ்சுல ஒக்காந்திருந்தேன். தடை தெரிஞ்சவன் சொல்லியே ஆகணும்னு சாமியே வாசிக்கிறாரு. எனக்குத் தடை தெரியும். கல்யாணத்துக்கு இல்ல. கேஸுக்கு."

"இத்தன நாளு சும்மாதானே இருந்தே?"

"இத்தன நாளு எவனாவது கோயில்ல வாசிச்சானா?"

ஏஜென்ட் தாளை என் பக்கம் நகர்த்தினார். பாரீஸுக்கு அடிக்க வேண்டிய தந்தி. அவருடைய பிரெஞ்சு மேரியில், அதாவது நகராட்சி ஆபீஸில், வரி கட்டுகிற அளவுக்குப் போதும். ஆட்சேபணை தெரிவிக்கப் போதாது. ஊரில் அதைப் பார்த்துக் கொடுக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. நான் முதலாளியைப் பார்த்தேன்.

"பாத்துக் குடுங்க தம்பி," என்றார். "தப்புந் தவறுமா அனுப்பி ஊரு மானத்த வாங்கிடப்போறான்."

ஆகவே என் முதலாளி நியமித்த மத்தியஸ்தரை நீக்கச் சொல்லி எதிர்த்தரப்பு அனுப்பிய ஆட்சேபணைக்கு நானே வினைச்சொல் திருத்திக் கொடுத்தேன். சர்வதேச வாணிபச் சட்டத்துக்கு நான் செய்த பங்களிப்பில் பிழையில்லாதது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சம்பந்தி விலகினார். ஓடவில்லை, உறவு ஏற்பட்டுவிட்டதை அறிந்ததும் தானே முன்வந்து தெரிவிப்பதாக எழுதி, முறைப்படி விலகினார். அதே தபாலில், தனியாக, கையால் எழுதிய இன்னொரு கடிதம் வந்தது. 'அன்புள்ள சம்பந்திக்கு' என்று தமிழில். அதற்கு நகல் யாருக்கும் இல்லை. முதலாளி அதை என்னிடம் படிக்கக் கொடுக்காமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இனிமே வேற ஆளைப் போடணும்ங்க," என்றேன். "ஜெனிவாவுல ஒரு பேராசிரியர் இருக்காரு."

"மறுபடி மொதல்லேருந்தா?"

"மொதல்லேருந்துதாங்க."

"காரைக்கால் எங்க இருக்குன்னு கேப்பாரா?"

"கேப்பாருங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்து ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலை காரைக்கால்மேட்டு ஏலத்தில், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில், அவரும் ஏஜென்டும் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். பேசி முடித்துவிட்டார்கள். அவரவர் செலவு அவரவருக்கு. யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டாம். முதலாளி ஒன்றே ஒன்று கேட்டார்: சரக்கு நன்றாகத்தான் இருந்தது என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். ஏஜென்ட் மார்சேக்கு எழுதிப் பார்த்தார். எழுத முடியாது என்று பதில் வந்தது. கெட்டிருந்தது என்றும் இனிச் சொல்ல மாட்டோம் என்றார்கள். அப்படியே முடிந்தது. இத்தனை வருஷம் மூன்று நாட்டில் நடந்த வழக்கு, அந்த ஒரு வரி நீங்கலாக, அன்றைக்குக் கூடையில் இருந்த ஐஸ் உருகுவதற்குள் முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. படித்ததெல்லாம் வீண்.

கல்யாணம் தவக்காலம் கழிந்து நடந்தது. சம்பந்தி முதலாளி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தார். முதல் டம்ளரை எல்லோரும் நின்று பார்த்தார்கள். அவருக்கே கூச்சமாகிவிட்டது. இரண்டாவது டம்ளரைத் திரும்பி உட்கார்ந்து குடித்தார்.

சாப்பாட்டுப் பந்தலில் முதலாளியே பரிமாறினார். பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் வரிசையில். அவர்களுக்கு அடுத்து சம்பந்தி, அடுத்து ஏஜென்ட், அடுத்து நான். சம்பந்தியின் இலைக்கு வந்தபோது முதலாளி இறால் வறுவல் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"இப்பச் சொல்லுங்க சம்பந்தி. கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தச் சரக்கு கெட்டுத்தான் போச்சா?"

சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு நிஜமாகவே சங்கடமாக இருந்தது.

"அதச் சொல்லக் கூடாது. மத்தியஸ்தருங்க உள்ள பேசினது வெளிய வரக் கூடாது. வெலகிட்டாலும் அப்படித்தான்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதுவும் சரிதான்.

முதலாளி ஒரு கரண்டி இறாலை அவர் இலையில் வைத்தார். நகரவில்லை. சம்பந்தி ஓர் இறாலை எடுத்தார். கிடங்கில் இருந்த பழக்கமோ என்னவோ, வாயில் போடுவதற்கு முன்னால் மூக்குக்கு நேரே ஒரு கணம் பிடித்தார். பந்தியே திரும்பிப் பார்த்தது. ஏஜென்ட்கூடச் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அப்பா," என்றாள் பெண், தலை நிமிராமல். "மாமா சாப்புடட்டும். அடுத்த இலைக்குப் போங்க."

முதலாளி அடுத்த இலைக்குப் போனார்.